லிஃப்ட்காரர் வீட்டுப் பூசணிக்காய்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் பக்கத்து அறைக்காரர் வீட்டில் என்ன குழம்பு என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட்காரருக்கு மட்டும் எல்லார் வீட்டுக் குழம்பும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஆறு பேர் நெருக்கி நிற்கக்கூடிய இரும்புப் பெட்டி அது. ஓரத்தில் அவருடைய மர ஸ்டூல். இழுத்துச் சாத்துகிற மடக்குக் கதவு. உள்ளே வந்தவர்கள் ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவரோடு பேச வேண்டும். சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? பேசினார்கள். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக நிற்கிறவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்? டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றித்தான்.

மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு. காக்கிச் சட்டையில் இரண்டு பை, ஒன்றில் சீப்பு, இன்னொன்றில் ஏலக்காய். யார் ஏறினாலும் ஒரு சிரிப்பு, இறங்கினால் ஒரு தலையாட்டல். இப்படியே இருபத்தெட்டு வருஷம்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு மாடியில் கேட்ட பேச்சை இன்னொரு மாடியில் சொல்லக்கூடாது. பட்டுத்தான் கற்றுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டாவது மாடியில் ஒருவர் வேலையை விடப்போகிறார் என்பதை ஆறாவது மாடியில் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். மத்தியானத்துக்குள் அது இரண்டாவது மாடி முதலாளி காதுக்குப் போய்விட்டது. வேலையை விடப்போகிறவர் லிஃப்டுக்குள் வந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டு, "ஆளை ஏத்தி இறக்குற வேலையைப் பாரு! பேச்சை ஏத்தி இறக்காதே!" என்று எட்டு மாடி தூரத்துக்கும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றோடு நம்ம ஆள் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

கட்டட வாசலில் தள்ளுவண்டியில் காய் விற்கிற அம்மாவுக்கும் ஒரு கொள்கை. மஞ்சள் பூசணியை நாலு கீற்றாகத்தான் வெட்டுவார். நாலு கீற்றுக்கும் ஆள் சேராமல் கத்தியைத் தொடமாட்டார். வெட்டின காய் மறுநாள் யார் முகத்திலும் விழிக்காது என்பது அவருடைய அனுபவம். யாராவது ஒருத்தர் வந்து, "எனக்கு மட்டும் ஒரு கீத்து வெட்டிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டால் போதும். "வெட்டித் தர்றேன், மிச்சம் மூணையும் யார் தலையில கட்டுறது? போய் ஆள் கூட்டிட்டு வா!"

ஆள் கூட்டுகிற பொறுப்பு எப்படியோ லிஃப்ட்காரர் தலையில் விழுந்தது. லிஃப்ட் கீழே வந்து நின்றால் வாசலும் வண்டியும் நேரே தெரியும். செவ்வாயும் வெள்ளியும் மாலை நாலு மணியிலிருந்து, ஒவ்வொரு தரம் கீழே வரும்போதும் கதவிடுக்கு வழியாக விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒரு ஆள் சேர்ந்தாயிற்று. மூன்று விரல் வந்துவிட்டால் காய்காரம்மா கத்தியைத் துடைக்க ஆரம்பிப்பார். நாலாவது ஆள் மட்டும் பெரும்பாலும் அகப்படமாட்டார். ஐந்து மணிக்கு லிஃப்ட்காரர் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டுவார். வெட்டு விழும். இப்படி ஆள் சேராத கீற்றெல்லாம், வாரத்துக்கு இரண்டு தரம், பதினாலு வருஷமாக அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கீற்றை வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாவது மாடி வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாதான் முதலில் கேட்டார். "அண்ணே, வாங்கிட்டுப் போறேன், ஆனா இது இனிச்சுக் கிடக்குதே, என்னதான் பண்றது? எங்க மாமியார் தட்டை அப்படியே தள்ளி வைக்கிறாங்க."

அன்று காலையில்தான் ஏழாவது மாடி மேனேஜரம்மா தன் வீட்டுப் பொரியலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போயிருந்தார். சொன்னால் புண்ணியம். ஆனால் ஏழாவது மாடிப் பேச்சை மூன்றாவது மாடியில் எப்படிச் சொல்வது? கொள்கை என்னாவது? லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

போச்சு! அந்த ஒரு வார்த்தையில் பிடித்தது சனி. அதற்கப்புறம் டைப்பிஸ்ட் சொன்னதை ஐந்தாவது மாடிப் பல் டாக்டரம்மாவிடம் சொன்னார், "எங்க வீட்டுல இப்படித்தான்." டாக்டரம்மா சொன்ன தோல் துவையலை ஏழாவது மாடியில் சொன்னார், "எங்க வீட்டுல தோலைக்கூட விடமாட்டாங்க." பூசணிக்காயும் தட்டைப்பயறும் போட்ட புளிக்குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு, தயிர்ப் பச்சடி, விதையை உலர்த்தி உரித்து வறுத்துப் பொடித்து வைப்பது, எல்லாம் எட்டு மாடிக்கும் போய்வந்தது, எல்லாம் அவர் மனைவி பெயரில். அவர் மனைவியை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனால் அப்படியொரு சமையல்காரி பூமியில் இல்லை என்பதில் எட்டு மாடிக்கும் சந்தேகமே கிடையாது.

சரி, அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் இஸ்திரி போட்டு, மடித்து, வார்டு வார்டாக அனுப்ப வேண்டும். காலை ஏழு மணிக்கு இஸ்திரி மேஜை முன்னால் நிற்க வேண்டுமென்றால் ஐந்தரைக்குள் சமையல் முடிய வேண்டும். குக்கருக்குள் மூன்று பாத்திரம். அடியில் அரிசி, நடுவில் பருப்பு, மேலே பூசணிக்காய். மூன்று விசில். அரிசிக்கு மூன்று விசில் சரி. பருப்புக்கும் சரி. பூசணிக்காய் பாவம், ஒரு விசிலையே தாங்காது. மூன்றாவது விசிலில் அது காய் என்கிற நிலையையே தாண்டிப் போயிருக்கும். அதில் உப்பும் மஞ்சள்பொடியும் போட்டுக் கரண்டியால் இரண்டு தட்டு. தாளிப்பா? அதற்கு ஏது நேரம்? தித்திப்பாக, கொழகொழவென்று, ஜுரக்காரனுக்குக் கொடுப்பதுபோல ஒன்று டப்பாவில் இறங்கும். வெள்ளிக் கீற்றும் அதே, செவ்வாய்க் கீற்றும் அதே. மகள் இருந்தவரையில் முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். பூசணிக்காய்க்கு மிஞ்சியது இவர் ஒருத்தர்தான்.

"எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்பாள்.

"நல்லா இருக்கு" என்பார்.

இருட்டோடு எழுந்து நிற்கிறவளிடம் போய், காய் குழைந்துவிட்டது என்று சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு வரும்? முதல் வாரமே சொல்லியிருக்கலாம், உண்மைதான். சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னால், ஆறு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். பதினாலு வருஷம் கழித்துச் சொன்னால்? இதில் எட்டு மாடிச் சமாசாரம் வேறு. அது மட்டும் அவள் காதுக்குப் போனால் தன் கதி என்ன ஆகும்? அவள் ஆபீஸ் பக்கமே வராமலிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய பிரார்த்தனை. ஏழு மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்புகிறவளுக்கு ஆபீஸ் பக்கம் வர நேரமும் இல்லை. நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு கடைவாய்ப்பல்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது மனைவியின் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. பல் டாக்டர் என்றால் லிஃப்ட்காரருக்குத் தெரிந்த ஒரே பல் டாக்டர் ஐந்தாவது மாடியில்தான் இருக்கிறார். "வேற எங்கயாவது போலாமா?" என்று இழுத்துப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

எட்டரைக்கே போய்விட்டால் டாக்டரம்மாவைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். கர்ச்சீப்பால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே ஏறினாள். கதவை இழுத்தார். பாதி வந்திருக்கும்.

"அண்ணே, அண்ணே, நில்லுங்க!"

டைப்பிஸ்ட். தினமும் ஒன்பது பத்துக்கு வருகிறவர் அன்றைக்கென்று பார்த்து எட்டரைக்கு வந்து நின்றார். ஏறினதும், "யாரு அண்ணே, பல் வலியா, பாவம்" என்றார்.

லிஃப்ட்காரருக்குப் பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "எங்க... வீட்டுல" என்றார்.

"அய்யய்யோ! அண்ணியா!" டைப்பிஸ்ட் கைப்பையைத் தோளில் தள்ளிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, நீங்க நல்லா இருக்கணும். உங்க பூசணிக்காய்ப் பொரியலாலதான் எங்க மாமியார் என் சமையலை வாயில வைக்கிறாங்க. பெருசு பெருசா நறுக்கி, மூடி போடாம, தண்ணியே காட்டாம வதக்கி, கடைசில மிளகும் சீரகமும் இடிச்சுத் தூவி... அந்த மிளகு இருக்கே அண்ணி, அதுக்குத் தனி மூளை வேணும்! எப்படித்தான் தோணிச்சோ!"

மனைவி கர்ச்சீப்புக்குள்ளிருந்து "ம்?" என்றாள்.

"பேசாதீங்க அண்ணி, வலிக்கும்!" என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் மூன்றாவது மாடியில் இறங்கிக்கொண்டார்.

மூன்றிலிருந்து ஐந்துக்கு இரண்டு மாடி. அந்த இரண்டு மாடி தூரத்தை ஒரு யுகமாக அவர் அன்றுதான் பார்த்தார். அவர் மாடி நம்பர் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இன்னும் மோசம். அவளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்க வைத்து, விளக்கைத் திருப்பி, உள்ளே கண்ணாடியும் கம்பியும் விட்டபிறகுதான் யார் என்று கேட்டார். வாசலில் நின்ற லிஃப்ட்காரர் முனகினார்.

"அடடே, இவங்களா அவங்க! நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேம்மா. அந்தத் தோல் துவையலை முதல்ல ஆரம்பிச்சது நான்தான். ஆனா உளுத்தம்பருப்பு வறுத்துப் போடணும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம் துவையலே வேற! புளி எவ்வளவும்மா வைப்பீங்க? நெல்லிக்காய் அளவா, கம்மியா?"

"ஆ" என்றாள் மனைவி. வாய்க்குள் இரண்டு விரலும் ஒரு கம்பியும் இருக்கும்போது வேறென்ன சொல்வது?

"கம்மியா? நானும் அதான் நெனைச்சேன்" என்று டாக்டரம்மா பல்லைப் பிடுங்கினார். பிடுங்கும்போதுகூட அவள் கண் டாக்டர் பக்கம் போகவில்லை. வாசலில் நிற்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்குத் தன் பல்லையே பிடுங்கியிருக்கலாம் என்று நினைத்தார் லிஃப்ட்காரர்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்ற உத்தரவோடு அவள் மறுபடி லிஃப்டில் ஏறினாள். அதற்குள் ஏழாவது மாடியில் மணி அடித்தது. மேலே போய்த்தான் கீழே வர வேண்டும். மேனேஜரம்மா ஏறினார். அவருக்கு அதற்குள் விஷயம் எட்டியிருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரர் ஒருத்தர்தான் பேச்சை மாடி மாற்றாதவர்.

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை எங்க மாடியில எல்லாரும் ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டுவந்து ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த வெள்ளிக்கிழமை நீங்க வரணும். பூசணிக்காய் உங்க பொறுப்பு. குழம்பும் துவையலும் போதும், இருபது பேருக்கு. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"இல்லம்மா, அவளுக்கு உடம்பு..." என்று லிஃப்ட்காரர் குறுக்கே விழுந்தார்.

மனைவி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேனேஜரம்மாவைப் பார்த்து நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று தரம் தலையாட்டினாள்.

மாலை வீடு வந்தபோது லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அவள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் பஞ்சு இல்லை.

"யாரு அவ?" என்றாள்.

"எவ?"

"எட்டு மாடிக்கும் பூசணிக்காய் சமைச்சுப் போடுறாளே, அவ."

லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கொள்கையைச் சொன்னார், வாங்கு வாங்கென்று வாங்கினதைச் சொன்னார், நாலாவது கீற்றைச் சொன்னார். "வேற வீட்டுப் பேச்சைச் சொல்லக்கூடாதுன்னுதாம்மா உன் பேரைச் சொன்னேன். உன்னைப் பெருமையாத்தானே சொன்னேன்?"

"என்னையா சொன்னீங்க? அவளைச் சொன்னீங்க. மிளகு இடிச்சுத் தூவுறவளைச் சொன்னீங்க." அவள் குரல் உயரவேயில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "டாக்டருக்குச் சொல்றீங்க, டைப் அடிக்கிறவங்களுக்குச் சொல்றீங்க. ஊரெல்லாம் வாய் ஓயாமப் பேசிட்டு, வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கு, நல்லா இருக்கு. சரி, இப்பச் சொல்லுங்க. நான் வைக்கிற பூசணிக்காய் எப்படி இருக்கும்?"

வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்தது. ஆனால் பதினாலு வருஷப் பழக்கம் விடுமா? "நல்லா..." என்று நாக்கு ஆரம்பித்துவிட்டது.

"போதும்" என்று எழுந்துவிட்டாள் அவள். "வெள்ளிக்கிழமை நான் சமைக்கிறேன். அவ எப்படிச் சமைப்பாளோ அப்படி."

"வேண்டாம்மா. பல் வலின்னு சொல்லிடலாமே."

"பல்லைத்தான் பிடுங்கியாச்சே!"

புதன்கிழமை மாலை காய்காரம்மாவிடம் நாலு கீற்றையும் லிஃப்ட்காரரே எடுத்துக்கொண்டார். காய்காரம்மா கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள்.

"சொல்லுங்க. குழம்புக்கு அந்த அம்மா முதல்ல என்ன பண்ணுவா?"

"எண்ணெயில கடுகு, வெந்தயம். வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு..."

"அப்புறம்?"

"அப்புறம்..." லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். "அப்புறம் மூணாவது மாடி வந்துடுச்சு. இறங்கிட்டாங்க."

"என்னது?"

அப்போதுதான் லிஃப்ட்காரருக்கே ஒரு உண்மை உறைத்தது. அவரிடம் முழுசாக ஒரு சமையல்கூட இல்லை! கீழேயிருந்து மூன்றாவது மாடி போகிற நேரத்தில் தாளிக்கலாம், வதக்கலாம், அதற்குமேல் முடியாது. ஏழாவது மாடிக்காரர்கள் சொன்னதில் புளி ஊற்றிக் கொதிக்கிறவரை இருக்கும், இறக்கினது இருக்காது. ஐந்தாவது மாடியில் ஏறிக் கீழே போகிறவர்கள் நடுவிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். இத்தனை நாளும் மூன்றாவது மாடி ஆரம்பத்தோடு ஏழாவது மாடி நடுவை ஒட்டி, ஐந்தாவது மாடி முடிவைத் தைத்துத்தான் சொல்லியிருக்கிறார். அளவு? அளவை எவர் லிஃப்டில் சொன்னார்கள்?

"தேங்காய் எவ்வளவு?"

"சொல்லல."

"பயறு எப்பப் போடணும்?"

"அந்தம்மாவுக்கு அன்னிக்கு இருமல்."

மனைவி கரண்டியை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. இரண்டு நாளாக உர்ரென்று இருந்த முகம் ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பு வந்துவிட்டது, பல் பிடுங்கின இடம் வலித்தது, சிரித்ததற்கும் சேர்த்து அவரையே திட்டினாள்.

முதல் குழம்பு தண்ணீராக ஓடியது. இரண்டாவதில் காய் கரைந்தே போனது. லிஃப்ட்காரர் தேங்காய் துருவிக் கையைக் கிழித்துக்கொண்டார். வியாழக்கிழமை அவள் அவரைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பயறைத் தனியாக வேகவைத்தாள். தோலோடு பெரிய பெரிய துண்டாக நறுக்கி, புளி கொதித்து அடங்கினபிறகே காயைப் போட்டாள். போட்டபிறகு கரண்டியால் கிளறவில்லை, பாத்திரத்தின் காதைப் பிடித்துக் குலுக்கினாள். நாளெல்லாம் இஸ்திரிச் சூட்டோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அடுப்பின் சூட்டைச் சொல்லித்தர வேண்டுமா? இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றுகிற நேரத்தில் அடுப்பை அணைத்தாள். "மிச்சம் அந்தச் சூட்டுலயே வெந்துக்கும்" என்றாள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது துண்டு முழுசாக நின்றது, விரலால் அழுத்தினால் அமுங்கியது. காயின் தித்திப்பும் புளியும் காரமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. லிஃப்ட்காரர் ஒரு வாய் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்கு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகச் சொன்னார். என்ன பிரயோஜனம்? அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் எப்போதோ மதிப்புப் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, இரண்டு தூக்குப் பாத்திரத்தோடு ஏழாவது மாடிக்குப் போனாள். நீள மேஜை. இருபது பேர். டைப்பிஸ்டும் டாக்டரம்மாவும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் லிஃப்டைப் பூட்டிவிட்டு, அறை மூலையில், ஓடுவதற்கு வசதியாகக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

குழம்பு பரிமாறப்பட்டது. எல்லாரும் சோற்றைப் பிசைந்தார்கள். பிறகு மேனேஜரம்மா, "என்னங்க இது, எங்க வீட்டுக் குழம்பு மாதிரியே ஆரம்பிச்சு எங்கயோ போகுது!" என்றார். "இல்லயே, எங்க வீட்டு மாதிரி இருக்கு" என்றார் டைப்பிஸ்ட். "துவையல் என்னோடது, ஆனா என்னோடதை விட நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. லிஃப்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், அப்புறம் மூன்று பேரும் தன்னைப் பார்ப்பார்கள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க அண்ணி?" என்று கேட்டார் டைப்பிஸ்ட்.

மனைவி சாவதானமாக ஒரு கரண்டி குழம்பை மேனேஜரம்மா தட்டில் விட்டாள். "எல்லாம் இவராலதான்" என்றாள். "நான் எதை வச்சாலும் ருசி பார்த்து, உள்ளது உள்ளபடி முகத்துக்கு நேரா சொல்லிடுவாரு. மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கிடையவே கிடையாது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என் கை தேறிச்சு."

"குடுத்து வச்சவங்க நீங்க!" என்றார்கள் எல்லாரும். லிஃப்ட்காரருக்குப் புரையேறிவிட்டது. அவர் வாயில் அப்போது சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மாடிக்கு முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதுதான் அவரைத் தின்றது. வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும், "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைச் சாத்துங்க", அவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை பூராவும் அவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இந்த மௌனம் இப்படியே பழகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறை மேஜையில் இரண்டு தட்டு. சோறு, பருப்பு, பூசணிக்காய். அவள் எதிரே உட்கார்ந்து, தன் தட்டில் கையை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

குழைந்த பூசணிக்காய். அதுகூடப் பரவாயில்லை. உப்பு இல்லை. குறைவு என்றால்கூட மென்று விழுங்கிவிடலாம், அறவே இல்லை. ஒரு கல் உப்புகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. கண் மட்டும் இமைக்காமல் இருந்தது. இப்போது வாயை மூடினால் இனி எப்போதும் திறக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. எட்டு மாடி ஏறி இறங்குகிற மனிதர், ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தையைச் சேர்க்க முடியாமல் திணறினார்.

"உப்பு இல்ல" என்றார்.

"என்ன?"

"உப்பு இல்லம்மா. கொஞ்சம்கூட இல்ல." மூச்சு வாங்கினார். "குழைஞ்சும் போச்சு. எப்பவுமே குழைஞ்சுதான் போகுது. அரிசியோட வச்சா அப்படித்தான் ஆகும். நீ அந்நேரத்துக்கு எழுந்து கஷ்டப்படுறியேன்னு சொல்ல வாய் வரல. பதினாலு வருஷமா வாய் வரல. தப்புதான். உங்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்."

மனைவி மடியில் ஒளித்து வைத்திருந்த உப்பு ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு தட்டிலும் உப்பைத் தூவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு சாப்பிட ஆரம்பித்தாள்.

"அப்பாடா" என்றாள். "இந்த வீட்டுலயும் ஒரு ஆள் இருக்காருன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

லிஃப்ட்காரருக்குத் தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. இத்தனை வருஷப் பூட்டு திறந்துகொண்டது. திறந்த வாய் மூடவில்லை. "பருப்புல பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா, எப்பவுமே. அப்புறம் அந்த நீலச் சட்டைக் காலரை நீ ரொம்ப விறைப்பா இஸ்திரி போடுறே, கழுத்தை அறுக்குது. அப்புறம் உங்க அண்ணன் வரும்போதெல்லாம்..."

"போதும், போதும்!" அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். அவள் விரலெல்லாம் உப்பு. "ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுபோச்சு, பேசாம சாப்பிடுங்க."